பாக்கி

நாற்பதாயிரம் ரூப்பியா.
ஒரு வாளி சூரை மீன்.
அம்போன் துறையில், நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள்
வா சலீமாவிடம் கடனாக எடுத்தேன்.
அவள் புருஷன் பிடிப்பான், அவள் அளப்பாள்,
நான் சும்மாட்டில் ஏற்றி
மாதா கோயில் தெருவெல்லாம் கூவி விற்பேன்.
பதினொரு வருஷம் இப்படித்தான்.

"நாளைக்குப் பெருநாள். காசை
நாளன்னிக்குக் கொடு" என்றாள்.

நாளன்னிக்கு
துணிக்கடைகளில் சிவப்பும் வெள்ளையும் தீர்ந்துபோயிருந்தன.
எங்கள் பையன்கள் நெற்றியில் சிவப்பு.
அவர்கள் பையன்கள் நெற்றியில் வெள்ளை.
துறைக்குப் போகும் சாலையின் குறுக்கே
ஒரு பேருந்து கவிழ்ந்து எரிந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் எங்கள் பக்கம் மீன் இல்லை.
அவர்கள் பக்கம் வாங்க ஆள் இல்லை.
காற்று அங்கிருந்து திரும்பும்போது
நாற்றத்தை வைத்தே சொல்வேன்:
நேற்று நல்ல பாடு.
இங்கே கீரை பூத்து, முற்றி, விறகாயிற்று.

யார் முதலில் கொளுத்தியது என்பதற்கு
இரண்டு பக்கமும் கணக்கு வைத்திருந்தோம்.
அடித்தல் திருத்தல் இல்லாத கணக்குகள்.

மூன்றாம் வருஷம்
எல்லையில், எரிந்துபோன பெட்ரோல் பங்க்கில்
விடியுமுன் ஒரு சந்தை முளைத்தது.
யாரும் தண்டோரா போடவில்லை.
மணல்மூட்டைகளுக்குப் பின்னால் சிப்பாய்கள்
சிகரெட் பிடித்தபடி
பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.
டார்ச்சை மீன்மேல் அடிக்கலாம், காசுமேல் அடிக்கலாம்,
முகத்தில் மட்டும் கூடாது.
எழுதாத சட்டம்.

கையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.
செவுளை விரித்துக் காட்டும்போது
அவள் சுண்டுவிரல் மட்டும் விறைத்து நிற்கும்.

"சலீமா" என்றேன்.
விரல் மடங்கியது.
"வெல்மினாவா?
நாற்பதாயிரம் தரணும் நீ."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.
சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"தர்றேன்."
"இப்போ விலை எழுபது."
"அன்னைக்கு மீனுக்கு அன்னைக்கு விலை."
"மூணு வருஷம் என் காசு உன்கிட்டே இருந்திருக்கே?"
"வட்டி கேக்கிறியா? உங்களுக்கு அது ஆகாதே!"
"வட்டி ஆகாது. விலை ஆகும்."

குரல் ஏறிவிட்டது போல.
ஒரு சிப்பாய் ஓடிவந்து
இருவர் முகத்திலும் வெளிச்சம் பாய்ச்சினான்.
"என்ன சண்டை?"
"சண்டையில்லை, பேரம்" என்றோம்
ஒரே நேரத்தில்.

அந்த ஒரு நொடி பார்த்துக்கொண்டோம்.
அவள் முக்காட்டுக்கு வெளியே நரை.
என்னிடம் என்ன கண்டாளோ.

ஐம்பதில் படிந்தது.

"இது யார் பிடிச்சது?" என்று கேட்டேன்,
சும்மா, கைக்கு வேலை கொடுக்கிற மாதிரி.
"மகன்."
அவ்வளவுதான் சொன்னாள்.
மீனை மறுபக்கம் திருப்பி வைத்தாள்.

படகுகள் எரிந்த ராத்திரி
என் தம்பி யோப்பி பெட்ரோல் வாசத்தோடு வந்தான்.
மூன்று தடவை கை கழுவினான்.
சோப்பு நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.
அவளுக்கு இது தெரியுமா?
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
எங்கள் கோயில் கூரை எப்படி விழுந்தது என்று
நானும் அவளைக் கேட்கவில்லை.
அவளுக்கும் தம்பிகள் உண்டு.

கட்டைவிரலை நாக்கில் தொட்டு நோட்டை எண்ணினாள்.
பிறகு இன்னொரு முறை.
"ரெண்டாயிரம் குறையுது."
"நாளன்னிக்கு" என்றேன்.

என் ரவிக்கைக்குள் ஐயாயிரம் தாள் ஒன்று இருந்தது.
ஏன் எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள்.
இருட்டில் அவள் சிரித்தாளா, இருமினாளா
அதுவும் சரியாகக் கேட்கவில்லை.
வாளியில் ஒரு மீன் கூடுதலாக விழுந்த சத்தம்
மட்டும் கேட்டது.

அன்று மத்தியானம் குழம்பு கொதித்தது.
தெரு முழுக்க மணந்தது.
யோப்பி வந்து உட்கார்ந்தான்.
மீன் எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.
தலையைத் தூக்காமல்
இரண்டு முறை சோறு வாங்கினான்.